சைக்கிள் முன்விளக்கு: பேட்டரியைப் பார்த்துவிட்டு லூமெனைப் பாருங்கள்

தினமும் இருட்டில் வேலைக்குப் போய்த் திரும்புகிறவரின் முன்விளக்கு படும் பாடு வேறு. வாரம் ஐந்தாறு நாள் எரிய வேண்டும், மழையில் நனைய வேண்டும், சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் கழற்றிப் பைக்குள் போட வேண்டும், ராத்திரி மறக்காமல் சார்ஜில் போட வேண்டும். இப்படிப் பயன்படும் விளக்கில் எல்இடி பழுதாவது அபூர்வம். அது பல்லாயிரம் மணி நேரம் தாங்கும். விளக்கைக் குப்பைக்கு அனுப்புபவை மூன்று: சக்தியிழந்த பேட்டரி, துருப்பிடித்த சார்ஜிங் துளை, உடைந்த பிடிமானம். ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதோ லூமென் எண். வாங்குபவர்களும் அதையே ஒப்பிட்டுப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

ஆகவே இந்த மதிப்பீட்டில் பேட்டரிக்கு முதலிடம், ஒளி எப்படி விழுகிறது என்பதற்கு அடுத்த இடம். லூமெனைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்தால் போதும்.

பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பது

லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைக்கும் வெளியேறும் மொத்த ஒளி. அதில் எவ்வளவு சாலையில் விழுகிறது, எவ்வளவு மரக்கிளைக்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கும் போகிறது என்பதை அந்த எண் சொல்லாது. லக்ஸ் என்பது குறிப்பிட்ட தூரத்தில் ஒரு பரப்பின் மீது விழும் ஒளியின் அளவு. சைக்கிள் விளக்குகளுக்கு வழக்கமாக 10 மீட்டர் தூரத்தில், ஒளிக்கற்றையின் மிகப் பிரகாசமான இடத்தில் அளப்பார்கள். கேண்டெலா என்று போட்டிருந்தால் லக்ஸைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கியது என்று புரிந்துகொள்ளலாம். 10 மீட்டரில் 80 லக்ஸ் என்றால் 8,000 கேண்டெலா. லக்ஸிலும் ஒரு ஏமாற்று உண்டு. ஒளியை ஊசிபோல் ஒரே புள்ளியில் குவித்தால் எண் எகிறும், ஆனால் சாலையின் இரு ஓரமும் இருட்டாகவே கிடக்கும்.

டார்ச் தயாரிப்பாளர்கள் பலர் பின்பற்றும் ஆன்சி எஃப்எல்1 என்ற தரநிலையைத் தெரிந்துகொள்வது நல்லது. 2009இல் வந்தது. அதன்படி லூமென் அளவு விளக்கைப் போட்ட 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் எடுக்கப்படுகிறது. எரியும் நேரமோ வெளிச்சம் ஆரம்ப அளவில் 10 சதவீதத்துக்குக் குறையும் வரை கணக்கிடப்படுகிறது. ஆக, ‘1,000 லூமென், 3 மணி நேரம்’ என்று போட்டிருக்கும் விளக்கு பத்தாவது நிமிடத்திலேயே 450 லூமெனுக்கு இறங்கி, கடைசி ஒரு மணி நேரம் மினுக்கிக்கொண்டிருந்தாலும் பெட்டியில் இருப்பது பொய்யாகாது. நல்ல நிறுவனங்கள் நேரத்துக்கு எதிரே வெளிச்சத்தை வரைந்த கோட்டுப்படத்தையே வெளியிடுகின்றன. அந்தப் படம் இல்லாத விளக்கின் எரியும் நேரத்தைப் பாதியாக நினைத்துக்கொள்வது பாதுகாப்பு.

வீட்டிலேயே செய்யக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. லித்தியம் அயான் செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். 3,400 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்ட ஒரு செல்லில் 3.4 × 3.6, அதாவது சுமார் 12 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. எல்இடி, அதை இயக்கும் சுற்று, லென்ஸ் ஆகியவற்றின் இழப்பையெல்லாம் கழித்தால் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் வெளியே வருவதாக வைத்துக்கொள்ளலாம். 400 லூமெனுக்கு 4 வாட். 12 வாட் மணியில் 3 மணி நேரம். 800 லூமெனுக்கு ஒன்றரை மணி நேரம்கூடச் சந்தேகம், ஏனென்றால் மின்னோட்டம் கூடக் கூட எல்இடியின் திறன் குறையும். இப்போது ஒற்றைச் செல் விளக்கின் பெட்டியில் ‘1,000 லூமென், 6 மணி நேரம்’ என்று இருந்தால் அதற்கு 60 வாட் மணி வேண்டும். இருப்பதைப் போல ஐந்து மடங்கு! அந்தப் பெட்டியை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

எவ்வளவு வெளிச்சம் போதும்?

மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. குழியைப் பார்த்து மூளை சுதாரித்துக் கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகிறது என்றால் அதற்குள் 10 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 6 மீட்டர், ஈரச் சாலையில் 12 மீட்டர். ஆக 16 முதல் 22 மீட்டர் தூரம் வரை சாலை தெளிவாகத் தெரிய வேண்டும். தெருவிளக்கு இல்லாத சாலையில் இந்த வேகத்துக்கு, மேல்விளிம்பு வெட்டப்பட்ட ஒளிக்கற்றையானால் 40 லக்ஸ் முதல் 80 லக்ஸ் வரை, சாதாரண வட்டக் கற்றையானால் 400 லூமென் சரியாக இருக்கும். தெருவிளக்கு உள்ள இடத்தில் நாம் பார்ப்பதைவிட நம்மைப் பிறர் பார்ப்பதே முக்கியம். அதற்கு 100 முதல் 200 லூமென் தாராளம்.

மழை நாளில் இந்தக் கணக்கு உதவாது. நனைந்த தார்ச்சாலை ஒளியை நம் பக்கம் திருப்பாமல் முன்னோக்கியே வழுக்கிவிடும். எதிரே வரும் காரின் வெளிச்சமும் சாலையில் பட்டு நம் கண்ணில் அடிக்கும். அந்தச் சமயத்துக்கென்று இரண்டு மடங்கு வெளிச்சம் கையிருப்பில் இருப்பது நல்லது. ஆனால் அதிகபட்ச நிலையிலேயே எப்போதும் ஓட்டும்படி விளக்கை வாங்காதீர்கள். நடு நிலையில் தினசரித் தேவை தீர்ந்தால்தான் செல்லும் சூடாகாமல் நீடிக்கும்.

ஒளிக்கற்றையின் வடிவம்

டார்ச்சைப் போல வட்டமாக ஒளி வீசும் விளக்குகளே சந்தையில் அதிகம். செய்வதற்குச் சுலபம், லூமென் எண்ணும் பெரிதாக வரும். ஆனால் வட்டத்தின் மேல்பாதி சாலைக்குப் பயன்படுவதில்லை. எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கிறது. அவர் கண் கூசித் தடுமாறி நம் மேல் வந்தால் நஷ்டம் நமக்கும்தான்.

காரின் லோ பீம் போல மேல்விளிம்பு கோடு போட்டு வெட்டிய கற்றை கொண்ட விளக்குகள் ஜெர்மன் விதிமுறையால் பரவியவை. அந்நாட்டின் வாகன அனுமதி விதி, பேட்டரி முன்விளக்குக்கு 10 மீட்டரில் குறைந்தது 10 லக்ஸ் கேட்கிறது. மேலே சிதறும் ஒளிக்கும் வரம்பு வைக்கிறது. விட்டுவிட்டு மின்னும் முன்விளக்கை அனுமதிப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற விளக்கின் உடலில் ஆங்கில ‘கே’ எழுத்து, அலைபோன்ற கோடு, ஓர் எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். எந்த நாட்டில் வாங்கினாலும் அந்த முத்திரை ஒரு நல்ல அறிகுறி.

இந்த விளக்குகளுக்கும் குறை உண்டு. தாழ்ந்து தொங்கும் கிளையும் தலைக்கு மேலே இருக்கும் பெயர்ப்பலகையும் தெரியாது. மேடுபள்ளமான சாலையில் வெட்டுக்கோடு மேலும் கீழும் குதிப்பதைப் பழகிக்கொள்ள வேண்டும். சில மலிவு மாதிரிகளில் கற்றை குறுகி, வளைவில் திரும்பும்போது போகப்போகும் இடம் இருட்டாக இருக்கும். கடையில் விளக்கைப் போட்டுப் பார்க்கக் கிடைத்தால் சுவரில் அடிக்காமல் தரையில் அடித்துப் பாருங்கள். சக்கரத்துக்கு 3 மீட்டர் முன்னால் தொடங்கித் தூரம் வரை ஏறக்குறைய ஒரே சீராகத் தெரிவது நல்ல கற்றை. பக்கத்தில் பளீரென்று வெள்ளையடித்துத் தூரம் இருண்டு போவது மோசமானது; கண் அந்த வெள்ளைக்குப் பழகிவிட்டால் தூரத்து இருட்டு இன்னும் கறுப்பாகும்.

விளக்கின் நிறமும் கவனிக்கத்தக்கது. அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். 6,500 கெல்வின் நீலவெள்ளை லூமென் எண்ணில் ஜெயிக்கும். 4,000 முதல் 5,000 கெல்வின் வரையுள்ள இயல்பு வெள்ளையில் மண், காய்ந்த இலை, எண்ணெய்க் கறை ஆகியவை தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றன. தேர்வு இருந்தால் பின்னதை எடுங்கள்.

பேட்டரி: ஐந்து வகை, ஐந்து விதமான தலைவலி

*உள்ளேயே அடைத்து மூடியது.* கடைகளில் இருப்பதில் பெரும்பகுதி இதுதான். எடை குறைவு, நீர் புகாது, கேபிளைச் செருகினால் போதும். ஆனால் லித்தியம் அயான் செல் பொதுவாக 300 முதல் 500 முழுச் சுழற்சிகளில் (முழுதாக ஏற்றி முழுதாகத் தீர்ப்பது ஒரு சுழற்சி) தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. 1,800 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சிறிய விளக்கை தினம் ஒன்றரை மணி நேரம் 400 லூமெனில் எரித்தால் தினமும் சார்ஜ் செய்தாக வேண்டும். வருடத்துக்கு 250 சுழற்சி. இரண்டு வருடத்தில் வீடு திரும்புவதற்குள் அணையும் நிலை வந்துவிடும். அதே உபயோகத்துக்கு 5,000 மில்லி ஆம்பியர் மணி விளக்கை வாங்கினால் மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போதும். சுழற்சி எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகும், செல்லின் மேல் சுமையும் குறையும். ஆகவே இந்த வகையில் வாங்குவதென்றால் தேவையைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவு பாருங்கள். உடலில் திருகாணி தெரிகிறதா என்றும் பாருங்கள். திருகு இருந்தால் பின்னாளில் விவரம் தெரிந்த ஒருவர் திறந்து செல்லை மாற்றித் தர முடியும். பசையால் ஒட்டியது அல்லது உருக்கி இணைத்தது என்றால் அதன் ஆயுள் செல்லின் ஆயுள்தான்.

*நிறுவனத்தின் சொந்தக் கார்ட்ரிட்ஜ்.* கேட்ஐ நிறுவனத்தின் வோல்ட் 800 விளக்கில் இருப்பது போன்றவை. பின்பக்கம் திருகிக் கழற்றும் உருளைக்குள் செல்லும் பாதுகாப்புச் சுற்றும் சேர்ந்தே இருக்கும். வீட்டில் ஒன்று சார்ஜில், விளக்கில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டலாம். தவறாகப் பொருத்த வழியில்லை. குறை என்னவென்றால், தனிச் செல்லைவிட இதன் விலை அதிகம், அந்த நிறுவனம் அதைத் தயாரிப்பதை நிறுத்தினால் மாற்று கிடையாது. விளக்கோடு சேர்த்தே ஒரு உபரி வாங்கி வைத்துவிடுவது உத்தமம்.

*18650, 21700 தனிச் செல்.* தினசரி ஓட்டுபவருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதை. பெயரே அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்றால் 21க்கு 70. ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் பிசி21ஆர் விளக்கு இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு 18650 செல், கழற்றிப் போடலாம், விளக்கிலேயே யுஎஸ்பி வழியாகவும் சார்ஜ் ஏற்றலாம்.

ஆனால் செல் வாங்குவதில்தான் ஆபத்தும் ஏமாற்றும். 18650 அளவில் பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்லின் உண்மையான கொள்ளளவு சுமார் 3,500 அல்லது 3,600 மில்லி ஆம்பியர் மணி. சாம்சங் 35இ, எல்ஜி எம்ஜே1, சான்யோ ஜிஏ ஆகியவை அந்த வரிசை. 6,800 என்றோ 9,900 என்றோ அச்சிட்ட எதுவும் போலி. அதற்குள் பெரும்பாலும் பழைய மடிக்கணினிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்லோ அதைவிட மோசமானதோ இருக்கும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். 35 கிராம் காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

நீளத்திலும் சிக்கல் வரும். பாதுகாப்புச் சுற்று சேர்த்த செல் 68 முதல் 70 மில்லிமீட்டர் வரை நீண்டுவிடும். சில விளக்குகளில் மூடி திருகாது. மாறாக, வெற்றுச் செல்லின் நேர்முனை தட்டையாக இருந்தால், தலைகீழாகப் போடுவதைத் தடுக்கும் வளையம் உள்ள விளக்கில் அது தொடர்பே கொள்ளாது. விளக்கின் கையேட்டில் குமிழ்முனையா தட்டைமுனையா, எத்தனை மில்லிமீட்டர் வரை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பாதுகாப்புச் சுற்றுள்ள குமிழ்முனைச் செல் கொள்ளும் விளக்கு என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். குறுக்குச்சுற்றும் அதீத வடிதலும் நேர்ந்தால் கடைசிக் காவல் அதுதான்.

உபரிச் செல்லைச் சாவிக்கொத்தும் சில்லறைக் காசும் இருக்கும் பையில் சும்மா போடவே கூடாது. முனைகள் உலோகத்தால் இணைந்தால் நொடியில் கொதித்துத் தீப்பிடிக்கும். இரண்டு செல் கொள்ளும் பிளாஸ்டிக் டப்பா கிடைக்கிறது. அது இல்லாமல் வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். மேலுறை கிழிந்த செல்லையும் நெளிந்த செல்லையும் ஒதுக்கிவிடுங்கள்.

*நான்கு ஏஏ செல்.* ரிமோட்டிலும் சுவர்க் கடிகாரத்திலும் போடும் அதே பென்சில் செல் அளவு. புஷ் அண்ட் முல்லர் நிறுவனத்தின் இக்சான் ஐக்யூ 40 லக்ஸும், இக்சான் ஐக்யூ பிரீமியம் 80 லக்ஸும் இந்த நான்கு செல்லிலேயே தருகின்றன. மாதிரி பழையது, தோற்றமும் பருமன். ஆனாலும் இவற்றின் கற்றை இன்றைய பல புதிய விளக்குகளை வெட்கப்பட வைக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் மின்னழுத்தம் 1.2 வோல்ட். நான்கு செல், 2,000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 9.6 வாட் மணி. லித்தியத்தைவிடக் குறைவுதான். ஆனால் தீப்பற்றும் பயம் மிகக் குறைவு, எந்த ஊரிலும் கிடைக்கும், விளக்கு போனாலும் செல் வேறு எதற்காவது ஆகும்.

இதில் வாங்க வேண்டியது சார்ஜைத் தக்கவைக்கும் வகை. 2005இல் சான்யோ எனெலூப் என்ற பெயரில் கொண்டுவந்தது இதுதான். அதற்கு முந்தைய நிக்கல் செல்கள் சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் வடிந்துவிடும். எனெலூப்பிலேயே 2,500 மில்லி ஆம்பியர் மணி புரோ வகையை எடுக்காமல் 2,000 வகையை எடுங்கள். புரோவுக்கு நிறுவனமே சொல்லும் சுழற்சி 500. சாதாரண வகைக்குச் சொல்வது 2,100. தினசரி உபயோகத்தில் அந்தக் கூடுதல் கால் பங்கு கொள்ளளவுக்கு இது பெரிய விலை.

நான்கு செல்லும் ஒரே நாளில் வாங்கியவையாக, ஒன்றாகவே ஓடி ஒன்றாகவே சார்ஜ் ஆனவையாக இருக்க வேண்டும். தொடராக இணைந்திருக்கும் நான்கில் ஒன்று பலவீனமாக இருந்தால் அது முதலில் காலியாகும். மற்ற மூன்றும் அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி அதன் முனைகளைத் தலைகீழாக்கிவிடும். அந்தச் செல் பிறகு தேறாது. ஒவ்வொரு தொகுதிக்கும் அழியாத மையில் ‘அ’, ‘ஆ’ என்று குறி போட்டுவிடுங்கள். சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் வகையாக வேண்டும். இரண்டிரண்டாக மட்டும் ஏற்றுபவையும், நேரம் பார்த்து நிறுத்துபவையும் செல்லைக் கொல்லும். மின்னோட்டம் 500 முதல் 1,000 மில்லி ஆம்பியர் வரை வையுங்கள். மெதுவாக ஏற்றினால் செல்லுக்கு நல்லது என்று நினைத்து 200இல் வைத்தால், நிறைந்ததும் வரும் மின்னழுத்தச் சரிவு மிகச் சிறிதாகி, சார்ஜர் அதைத் தவறவிடும். செல் இரவெல்லாம் வெந்துகொண்டிருக்கும்.

இதே அளவில் வரும் இரண்டு பொருள்களிடம் எச்சரிக்கை தேவை. யுஎஸ்பி துளையுடன் வரும் 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ செல், உள்ளே ஒரு மாற்றியை வைத்துக்கொண்டு கடைசிவரை 1.5 வோல்ட்டே கொடுத்துவிட்டுச் சட்டென்று அணையும். விளக்கின் பேட்டரி காட்டி கடைசி நொடிவரை ‘நிறைவு’ என்றே காட்டும், இறக்கத்தில் இறங்கும்போது கும்மிருட்டு. மற்றொன்று 14500 என்ற 3.7 வோல்ட் லித்தியம் செல். உருவம் அச்சாக ஏஏ தான். நான்கை உள்ளே போட்டால் 6 வோல்ட்டுக்குச் செய்த விளக்குக்குள் 16 வோல்ட்டுக்கு மேல் பாயும். புகை வரும். அவசரத்துக்குச் சாதாரண அல்கலைன் செல் போட்டு வீடு சேரலாம், ஆனால் இந்த அளவு மின்னோட்டத்தில் அது சீக்கிரம் படுத்துவிடும். அல்கலைன் உள்ளே இருக்கும்போது விளக்கைச் சார்ஜரில் செருகாதீர்கள், கசியும்.

*கேபிளோடு தனிப் பெட்டியாக வரும் பேட்டரி.* நீண்ட இரவுப் பயணத்துக்குச் சரி. தினமும் கழற்றி மாட்டுபவருக்கு வேண்டாம். கம்பி இணைப்பில்தான் முதலில் பழுது வரும்.

டைனமோ பற்றி ஒரு வரி. சக்கரத்தின் மையத்தில் பொருத்தும் 6 வோல்ட், 3 வாட் டைனமோவும் அதற்குரிய விளக்கும் இருந்தால் இந்தப் பகுதி முழுவதையும் மறந்துவிடலாம். சக்கரத்தையே மாற்றிக் கட்டும் செலவு உங்களுக்குக் கட்டுப்படியானால் சரி.

சார்ஜ் செய்வதில் வரும் சங்கடங்கள்

புது விளக்கில் யுஎஸ்பி-சி துளை இருக்கிறது, மடிக்கணினியின் சி-க்கு-சி கேபிளைப் போட்டால் சார்ஜே ஏறவில்லை என்ற புகார் சாதாரணம். சி வகை அடாப்டர், மறுமுனையில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இருப்பதைக் கண்ட பிறகே மின்சாரம் அனுப்பும். காசை மிச்சம் பிடிக்கச் சில தயாரிப்பாளர்கள் அந்த இரண்டு மின்தடைகளையும் விட்டுவிடுகிறார்கள். பழைய அகல முனை அடாப்டரும் ஏ-க்கு-சி கேபிளும் போட்டால் ஏறும். பழுதல்ல, ஆனால் அந்த நிறுவனம் வேறு எதில் எல்லாம் மிச்சம் பிடித்திருக்கும் என்று யோசிக்க வைக்கும் அடையாளம். அதிவேக அடாப்டரால் பலன் இல்லை. பெரும்பாலான விளக்குகள் 5 வோல்ட்டில் தங்களுக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே எடுக்கும்.

மழையில் வந்ததும் ஈரத்தோடு கேபிளைச் செருகுவதுதான் துளை துருப்பிடிக்க முதல் காரணம். ஈரமும் 5 வோல்ட்டும் சேர்ந்தால் முனைகளின் உலோகம் அரித்துப் பச்சை பூக்கும். ரப்பர் மூடியைத் திறந்து, உதறி, ஓரிரு மணி நேரம் உலர விட்டுப் பிறகு செருகுங்கள். மூடியின் விளிம்பில் வருடத்துக்கு ஒருமுறை துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் வெடிக்காமல் இருக்கும். பெட்டியில் இருக்கும் நீர்த்தடுப்புக் குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் நீருக்கு, ஐபிஎக்ஸ்6 வேகமாகப் பீய்ச்சும் நீருக்கு, ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்குவதற்கு. மூழ்கும் சோதனையில் தேறியது பீய்ச்சும் சோதனையிலும் தேறும் என்று பொருளில்லை. பெருமழையில் ஓட்டுபவருக்கு 6 தான் ஏற்ற எண். எல்லாமே மூடி சரியாக மூடியிருந்தால்தான்.

தனிச் செல் சார்ஜரானால் 4.2 வோல்ட்டில் தானே நிறுத்துவது அவசியம். 18650க்கு 1 ஆம்பியர் போதும், நான்கு மணி நேரத்தில் ஏறிவிடும். கொதிக்கும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ, நீர் உறையும் குளிரிலோ லித்தியம் செல்லை ஏற்றக் கூடாது. உறைநிலையில் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதமாகும். சில மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வைத்துவிடுங்கள்.

பொத்தானும் பிடிமானமும்

அதிகம், நடு, குறைவு, மினுக்கல், அணைப்பு என்று ஒரே பொத்தானில் வரிசையாகச் சுற்றும் விளக்கை வாங்காதீர்கள். குறைவிலிருந்து அதிகத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் இருட்டைக் கடக்க வேண்டும். ஒரு தட்டலில் நிலைகள் மட்டும் மாற வேண்டும், அணைக்க நீண்ட அழுத்தம், மினுக்கலுக்குத் தனி வழி. மினுக்கல் பகல் வெளிச்சத்துக்கு உதவும். இரவில் எதிரே வருபவரால் தூரத்தைக் கணிக்க முடியாது. செல் தீரும்போது விளக்கு படிப்படியாக இறங்கி, குறைந்த நிலையில் அரை மணியாவது எரிய வேண்டும். சட்டென்று அணைவது எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் தகுதியற்றது. குறைந்த நிலையில் வைத்துக் கைபேசி கேமராவில் பாருங்கள்; பட்டை பட்டையாக ஓடினால் ஒளி துடிக்கிறது, மழைத்துளிகள் அதில் துண்டுதுண்டாகத் தெரிந்து எரிச்சலூட்டும்.

ஹேண்டில்பாரின் பருமன் பொதுவாக 22.2, 25.4, 31.8 மில்லிமீட்டர். நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கும். எங்கே மாட்டப்போகிறீர்களோ அங்கே அளந்து பாருங்கள். ரப்பர் பட்டை எதற்கும் பொருந்தும், ஆனால் கனமான விளக்கை மேடு தட்டும்போதெல்லாம் தலைகுனிய விடும். வெயிலில் ஓரிரு வருடத்தில் வெடிக்கும். 150 கிராமுக்கு மேல் எடையுள்ள விளக்குக்குத் திருகிப் பூட்டும் பிடிதான். முன்கூடை வைத்தவர்கள் முன்சக்கரத்தைத் தாங்கும் முள்ளின் (ஃபோர்க்) மேல்முனையில் மாட்டலாம். அங்கே உயரம் குறைவதால் சின்னக் கல்லுக்கும் நீண்ட நிழல் விழுந்து எல்லாமே பெரிய குழியாகத் தோன்றும், சில நாளில் பழகிவிடும்.

சாய்வை வைப்பது எளிது. சைக்கிளைச் சுவருக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருந்தால், வெட்டுக் கற்றையின் மேல்கோடு சுவரில் விளக்கின் உயரத்தைவிட 15 முதல் 17 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அது 30 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். வட்டக் கற்றையானால் அதன் நடுப்புள்ளி அரை மீட்டர் கீழே, அதாவது 10 மீட்டரில் தரையைத் தொடும்படி. இதற்கு மேல் தூக்கினால் எதிரே வருபவர் திட்டுவார், நியாயமாகத்தான்.

எதை வாங்கலாம்?

தெருவிளக்கு இல்லாத சாலையில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவருக்கு இரண்டே வழி: கழற்றக்கூடிய 18650 அல்லது 21700 விளக்கும் இரண்டு நல்ல செல்லும், அல்லது இக்சான் ஐக்யூ பிரீமியமும் எட்டு நிக்கல் செல்லும். முதலாவதில் எடை குறைவு, எரியும் நேரம் அதிகம். பிசி21ஆரை நிறுவனம் இரட்டைத் தூரக் கற்றை என்கிறது, ஆனால் ஜெர்மன் வகைக் கூரிய வெட்டு அதில் இல்லை, சாய்வைக் கவனமாக வைக்க வேண்டும். இரண்டாவதில் கற்றை சிறப்பு, நிம்மதியும் உண்டு. லித்தியச் செல்லைக் கையாளப் பொறுமை இல்லாதவர் யோசிக்காமல் நிக்கலுக்குப் போகலாம். தனிச் செல்லின் தொந்தரவும் வேண்டாம், நிக்கலின் எடையும் வேண்டாம் என்பவருக்கு வோல்ட் 800, உபரிக் கார்ட்ரிட்ஜோடு. தெருவிளக்குள்ள சாலையில் அரை மணி நேரம் ஓட்டுபவர் அடைத்த வகையையே வாங்கலாம், 200 லூமெனில் குறைந்தது 5 மணி நேரம் எரிவதாக. எந்த வகையானாலும் கைப்பையில் ஒரு சின்ன உபரி விளக்கு இருக்கட்டும், அதுவும் சார்ஜ் ஏற்றக்கூடியதாக. பொத்தான் செல் விளக்குகள் எதிரே இருப்பவருக்கே சரியாகத் தெரிவதில்லை.

வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை செய்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள். முழுச் சார்ஜ் ஏற்றி, மேசை விசிறிக்கு முன்னால் வைத்து நீங்கள் தினமும் ஓட்டும் நிலையில் எரிய விடுங்கள். விசிறி இல்லாவிட்டால் விளக்கு சூடேறித் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும், கணக்குத் தவறாகும். கைபேசி கேமராவின் வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, எதிர்ச் சுவரைக் கால் மணிக்கு ஒருமுறை படமெடுங்கள். எத்தனையாவது படத்தில் கண்ணுக்குத் தெரியும்படி மங்குகிறதோ அதுதான் அந்த விளக்கின் உண்மையான நேரம். உங்கள் ஒரு நாள் போக்குவரத்து நேரத்தைப் போல இரண்டு மடங்கு வரவில்லையென்றால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.